கண்ட்ரோல் ஏ சொல்லிக் கொடுத்த வெள்ளிக்கிழமை

மவுஸைத் தொடாமலே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்குக் கொஞ்சம் என்று சொன்னால் அது பொய். பக்கத்தில் யாராவது மவுஸை இழுத்து இழுத்து ஒரு வரியைக்கூட முழுசாக நீலமாக்க முடியாமல் தவித்தால், அவரைப் பார்த்து ஒரு புன்னகை செய்வேன். அதே புன்னகையை இன்று யாராவது என்னிடம் செய்தால் அந்த மனுஷரோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்.

இந்த வித்தை எனக்கு வந்ததற்குக் காரணம் என் மகள் ஆதிரா. கர்நாடகத்தில் ஹனூர் பக்கம் கௌதள்ளியில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் நான். கையில் கம்ப்யூட்டர் பட்டம் இருந்தது, வேலைதான் இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார். அவருடைய பழைய லேப்டாப்பில் விரலால் தடவுகிற இடம் செத்துப்போயிருந்தது. மவுஸ் ஒன்று இருந்தது. அதன் ஒயரை ஒரு வயது ஆதிரா, பல் முளைத்த உற்சாகத்தில், கடித்தே துண்டாக்கிவிட்டாள். புது மவுஸ் வாங்கி வருகிறேன் என்று அவர் சொன்னார். (சொன்னார், அவ்வளவுதான்.) அது வந்து சேர்வதற்குள் நான் கீபோர்டிலேயே எல்லாம் பழகிவிட்டேன்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் எழுத்தெழுத்தாகத் தேர்வாகி நீலமாகும். கண்ட்ரோலையும் சேர்த்துக்கொண்டால் வார்த்தை வார்த்தையாகத் தாவும். ஷிஃப்டும் எண்டும் சேர்ந்தால் வரி முடியும்வரை. ஷிஃப்டும் ஹோமும் சேர்ந்தால் வரி தொடங்கும் இடம்வரை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எண்ட் மூன்றையும் அழுத்தினால் நிற்கிற இடத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. கண்ட்ரோல் ஏ என்றால் மிச்சம் மீதி இல்லாமல் மொத்தமும். குழந்தை தூங்குகிற மதியங்களில் வேறு வேலை இல்லாமல் இதையே செய்துகொண்டிருப்பேன். சில பேர் வீணை வாசிக்கிறார்கள் இல்லையா, நான் இதை வாசித்தேன்.

ஆதிரா ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம், அவள் படித்த பள்ளியிலேயே எனக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. குவெம்புநகரில் நடுத்தரமான பள்ளி. முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், பதினெட்டு ஆசிரியர்கள். ஆறு மாதம் என்னைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுப் போகிற முதல் வேலை. அதை விட்டால் அடுத்தது கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அதனால் சேர்ந்த நாளிலிருந்தே ஏதாவது புரட்சி செய்துகொண்டே இருந்தேன். என் முதல் புரட்சி ரிமார்க்ஸ். பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் 'நன்றாகப் படிக்கிறாள், கையெழுத்தில் கவனம் தேவை' என்று இரண்டு வரி எழுதுவார்கள் அல்லவா, அதை அதுவரை ஆசிரியர்கள் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஒரே ஒரு ஆவணத்தை இணையத்தில் திறந்து, பதினெட்டுப் பேரும் அவரவர் இடத்திலிருந்தே அதில் தட்டச்சு செய்யலாம் என்று ஏற்பாடு செய்தேன். யார் எங்கிருந்து எழுதினாலும் எல்லாரும் பார்க்கலாம். இரண்டு வாரம் எல்லாரும் மூக்கால் அழுதுகொண்டே எழுதி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆபீஸில் அச்செடுக்க வேண்டும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து எங்கள் தலைமையாசிரியை ஹேமாவதி மேடம் ஒரு யோசனை சொன்னார். ஒரு வரியைத் திருத்தவே இவர்களுக்கு அரை மணி ஆகிறது, வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் லேபில் உட்கார வைத்து உன் குறுக்குவழிகளைக் கற்றுக்கொடு, நானும் வந்து உட்காருகிறேன் என்றார். (எங்கள் பள்ளியில் புழங்குவது கன்னடம். நான் இங்கே தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.) ஆறு மாதத்தில் ஐந்தாவது மாதம் அது. நிரந்தரம் என் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பது போலத் தோன்றியது.

பயிற்சிக்காகவே மைசூர் மழையைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதி, தனி ஆவணமாக வைத்தேன். வியாழக்கிழமை முழுக்க வீட்டில் ஒத்திகை. கடைசியில் ஒரு அதிரடி வைத்திருந்தேன். கண்ட்ரோல் ஏ போட்டு, ஏதாவது ஒரு எழுத்தைத் தட்டினால் முழுக் கட்டுரையும் காணாமல் போகும். எல்லாரும் திகைப்பார்கள். உடனே கண்ட்ரோல் இசட் போட்டால் மொத்தமும் திரும்பி வரும். கைதட்டுவார்கள். வீட்டுக்காரரை உட்காரவைத்து மூன்று தடவை செய்து காட்டினேன். மூன்று தடவையும் அவர் கைதட்டினார். ஒரு ஆள், ஒரு மெஷின் என்று மட்டும் பார்த்த ஒத்திகை அது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. லேபில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. பிள்ளைகளை மைதானத்தில் ஆயாக்கள் பார்த்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் ஹேமாவதி மேடம், நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு. கடைசி வரிசையில் உடற்பயிற்சி ஆசிரியர் ருத்ரப்பா சார், கழுத்தில் விசிலோடு. ஐம்பதைத் தாண்டியவர். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, தப்பித்துவிடாமல் அழுத்துவார். மவுஸை மட்டும் விடவே மாட்டார். என் புன்னகையை அதிகம் வாங்கியவர் அவர்தான்.

பயிற்சிக் கட்டுரையின் இணைப்பை ஆசிரியர் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். என் திரையில் நாலைந்து டேப் திறந்திருந்தது. மவுஸால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சரியான டேப் வந்திருக்கும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மவுஸைத் தொடுவதா? கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு டேப் கீயைத் தட்டித் தட்டிப் போனேன். ஒரு தட்டு அதிகமாகப் போய்விட்டது. எதைக் காப்பி செய்கிறோம் என்று பார்க்காமலே காப்பி செய்து, ஒட்டி, அனுப்பி, அந்த வேகத்தை எல்லாரும் கவனித்தார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, மறுபடி மழைக் கட்டுரைக்கு வந்துவிட்டேன்.

நான் அனுப்பியது ரிமார்க்ஸ் ஆவணத்தின் இணைப்பு. அதாவது என் புரொஜக்டர் திரையில் மைசூர் மழை. அவர்கள் பதினெட்டுப் பேர் திரையிலும் முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் எதிர்காலம்.

வகுப்பு என்னவோ பிரமாதமாகத்தான் போனது. ஷிஃப்ட், அம்புக்குறி என்றேன். எல்லாரும் செய்தார்கள். வரி முடியும்வரை என்றேன். கணக்கு டீச்சர் வைதேகி மிஸ், மேலுகோட்டைத் தமிழ்க் குடும்பம், எனக்குத் தமிழில் பேசக் கிடைத்த ஒரே ஆள். 'அட, நன்னாயிருக்கே' என்று வியந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர்கள் திரையில் பக்கத்திலிருப்பவர்களின் பெயரெல்லாம் வண்ண வண்ணமாக ஓடியிருக்கும். நிஜ ரிமார்க்ஸிலேயே பழகச் சொல்கிறேன், அதெல்லாம் என் பாடத்தின் அழகு என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பத்தே முக்காலுக்கு அதிரடிக்கு வந்தேன். என் திரையில் மழையை அழித்தேன். திகைத்தார்கள். திரும்பக் கொண்டுவந்தேன். கைதட்டினார்கள். இப்போது நீங்கள் செய்யுங்கள், எல்லாரும் ஒன்றாக, கண்ட்ரோல் ஏ, பிறகு ஏதாவது ஒரு எழுத்து என்றேன்.

கடைசி வரிசையில் ருத்ரப்பா சார் கையைத் தூக்கினார்.

"மேடம், இதுலயேவா?"

"இதுலயேதான் சார்."

"இல்ல, இது வந்து..."

"பயப்படாதீங்க சார். எது போனாலும் திரும்பி வரும். அதுதான் பாடமே."

அவர் கையை இறக்கிக்கொண்டார். ஆனால் கீபோர்டைத் தொடவில்லை என்று பின்னால் தெரிந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.

லேபில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு வெள்ளையாகிவிட்டது என்றார் ஒருவர். நான் இன்னும் ஒன்றுமே அழுத்தவில்லை, எனக்கும் எப்படி வெள்ளையானது என்றார் இன்னொருவர். கண்ட்ரோல் இசட் போடுங்கள் என்று கம்பீரமாகச் சொன்னேன். போட்டார்கள். ஒருவர் தட்டிய 'கே' மறைந்தது, இன்னொருவர் தட்டிய 'ஜே' வந்தது, மறுபடி யாரோ எல்லாவற்றையும் அழித்தார்கள். விஷயம் என்னவென்றால், இப்படிப் பலர் சேர்ந்து எழுதும் ஆவணத்தில் கண்ட்ரோல் இசட் அவரவர் செய்ததை மட்டும்தான் திருப்பும். முதலில் அழித்தவர் யாரோ, அவர் போட்டால்தான் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். மற்ற பதினாறு பேரும் தங்கள் 'கே'யையும் 'ஜே'யையும் திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் களேபரத்தில் ஹேமாவதி மேடம் எழுந்துவிட்டார். யாரோ பெற்றோர் காத்திருக்கிறார்கள், நான் போகணும் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரின் பொத்தானை நேராக அழுத்தி அணைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். வகுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே மற்றவர்களிடம், இது வெறும் பயிற்சிதான், போனால் போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். எல்லாரும் டீக்குப் போய்விட்டார்கள்.

தனியாக மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது திரையில், வெள்ளைப் பக்கத்துக்கு மேலே ஆவணத்தின் தலைப்பு கண்ணில் பட்டது. 'முதல் பருவம், ரிமார்க்ஸ், எல்லா வகுப்புகளும்.' கீழே ஒரு 'ஜே', இரண்டு 'கே'.

ஓடிப்போய் என் மெஷினைப் பார்த்தேன். அங்கே மைசூரில் மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு அச்சு. என் மெஷினிலிருந்து கண்ட்ரோல் இசட் போட்டேன், போட்டேன், விரல் வலிக்கப் போட்டேன். நான்தான் அதில் ஒன்றுமே செய்யவில்லையே, எது திரும்பி வரும்? பதினெட்டுப் பேரின் இரண்டு வார வேலை. வேலை போவது ஒரு பக்கம். நாளைக்கு முந்நூறு பெற்றோர் வந்து வெற்றுக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது ஹேமாவதி மேடம் என்ன சொல்லுவார்? ஆதிராவை அதே பள்ளிக்கு நான் எந்த முகத்தோடு கொண்டுபோய் விடுவேன்?

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, எல்லாம் போச்சுங்க."

"ஆதிராவுக்கு என்னாச்சு?"

"ஆதிரா நல்லாத்தான் இருக்கா. முந்நூறு பிள்ளைங்க போச்சுங்க."

மெதுவாக, ஸ்கூல் பஸ்ஸா என்று கேட்டார். (அவர் என்ன நினைத்துப் பதறினார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.) பதில் சொல்ல முடியாமல் அழ ஆரம்பித்து, போனை வைத்துவிட்டேன். அவர் மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார். அது எனக்குத் தெரியாது.

ருத்ரப்பா சார் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு எடுக்க வந்தார். நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஏன் மேசைக்கு அடியில் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒயர் ஏதாவது கழன்றிருக்குமோ என்று பார்த்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஏனாய்து தங்கி?" என்றார். என்ன ஆயிற்று, தங்கச்சி என்று கேட்டார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தங்கியைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைத் தேடினார். நான் அதைக் கீபோர்டுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நிதானமாக, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் மாதிரி, அம்பை மேலே கொண்டுபோய் ஒரு மெனுவைத் திறந்தார். அதற்குள்ளே இன்னொன்று. வலது பக்கம் ஒரு பட்டியல் வந்தது. அந்த ஆவணம் எந்தெந்த நேரத்தில் எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள் என்று வரிசையாக இருந்தது. பழைய பதிப்புகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும் என்பது கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிய எனக்கு அந்த நிமிஷம் அடியோடு மறந்துபோயிருந்தது.

"நான் தினமும் ஏதாவது ஒண்ணை அழிச்சிடுவேன்," என்றார். "அதனால இந்த இடத்துக்கு வழி நல்லாத் தெரியும்."

வகுப்பில் கேட்டபோதே இது நிஜ ஆவணம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல வந்தேன், நீதான் அதுதான் பாடம் என்றுவிட்டாய் என்றார்.

பட்டியலில் பத்து நாற்பத்தேழுக்கு மொத்தமும் அழிந்திருந்தது. அதற்கு நேராக ஒரே ஒரு பெயர். ஹேமாவதி மேடம். மூன்று என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் முதல் ஆளாக அழுத்தியவர் அவர்தான். எதையும் சொன்னபடி, சொன்ன நேரத்தில் செய்கிறவர். அவர் மட்டும் கண்ட்ரோல் இசட் போட்டிருந்தால் அத்தனையும் அப்போதே வந்திருக்கும். அவர் மெஷினை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்தப் பேரை நீயும் பார்க்கல, நானும் பார்க்கல," என்று சொல்லிவிட்டு, பத்து மணி ஐந்து நிமிஷத்துப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு தட்டுத் தட்டினார்.

பக்கம் பக்கமாகப் பிள்ளைகள் வந்தார்கள். கையெழுத்தில் கவனம் தேவைப்படுகிறவர்கள், வகுப்பில் பேசுகிறவர்கள், கணக்கில் முன்னேறுகிறவர்கள், எல்லாரும். அன்றைக்கு நான் விட்ட மூச்சு போல ஒரு மூச்சை ஆதிரா பிறந்த அன்றுகூட விட்டிருக்க மாட்டேன். ருத்ரப்பா சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அழுத முகத்தோடு எத்தனை நேரம் சுற்றுவது? ஹேமாவதி மேடத்தின் அறைக்குப் போய், தப்பான இணைப்பை அனுப்பிவிட்டேன், ரிமார்க்ஸ் முழுக்க அழிந்துபோயிற்று, இப்போது திரும்பி வந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மேசையில் காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மேடம்."

"நிஜமாவா?"

"நிஜமா மேடம்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். நான் அழுத்தியதும்தான் வெள்ளையானது, ஸ்கூல் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன், யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் அணைத்துவிட்டு ஓடி வந்தேன் என்றார். பெற்றோர் யாரும் வந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து, முதலில் அழித்தது யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது மேடம் என்றேன். அந்தப் பள்ளியில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அந்தப் பொய்க்காக நான் வருந்தியதே இல்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார். பள்ளிப் பஸ் மூன்றும் மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. ஹேமாவதி மேடம் அவருக்கும் ஒரு காபி சொன்னார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நான் டீச்சராக லேபில் இருந்ததால் ஆதிராவின் கார்டை வாங்க அவள் அப்பா போனார். வாங்கிக்கொண்டு நேராக லேபுக்கு வந்து என்னிடம் நீட்டினார். மதிப்பெண் எல்லாம் சுமார். கீழே ரிமார்க்ஸ். ஆங்கிலத்தில், அழகான எழுத்தில் அச்சாகி, வகுப்பாசிரியை கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டு, முதல் வரி இப்படி இருந்தது: 'இந்த வகுப்பு எப்போது முடியும்? எனக்குப் பசிக்கிறது.'

அது ஆதிராவுக்கு எழுதியதில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, நான் அனுப்பிய இணைப்பைத் திறந்ததும், பாடம் தொடங்குமுன், யாரோ ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவதற்காக விளையாட்டாகத் தட்டியது. ஆவணத்தைத் திறந்தால் முதல் வகுப்பின் முதல் பிள்ளையில்தான் போய் நிற்கும். அந்த முதல் பிள்ளை என் மகள். ஆங்கிலத்தில் அவள் பெயருக்கு முன்னால் ஒரு ஏ கூடுதலாகச் சேர்த்தால் ராசி என்று சொல்லி, அகரவரிசையில் அவளை முதலாக்கும்படி எழுதிக் கொடுத்த ஜோசியர் நன்றாக இருக்கட்டும். நாங்கள் மீட்ட பத்து ஐந்து பதிப்பில் அந்த வரியும் சேர்ந்தே மீண்டுவிட்டது. அவசரத்தில் அச்செடுத்து, அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதியது யார் என்று அந்தப் பட்டியலில் பார்த்தால் தெரிந்திருக்கும். பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வைதேகி மிஸ்ஸாக இருந்துவிட்டால் தமிழில் பேச ஆள் இல்லாமல் போய்விடும்.

வேறு கார்டு போட்டுத் தருகிறோம் என்றார்கள். ஆதிராதான் விடவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள், தினமும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது என்றாள்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் செய்தார்கள். பத்து வருஷம் ஆகிறது, இன்னும் அங்கேதான் இருக்கிறேன். டேபிளில் மவுஸ் வலது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆதிரா பி.யூ.சி., அதாவது பதினொன்றாம் வகுப்பு, படிக்கிறாள். அந்தக் கார்டின் வாசகம் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பரவி, கொள்ளேகாலிலிருந்து ஹனூர்வரை எல்லாருக்கும் தெரியும். எது நீண்டாலும் யாராவது அதைச் சொல்லிவிடுகிறார்கள். போன மாதம் கொள்ளேகாலில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தம் குடும்பத்தின் பெருமைகளை விளக்கத் தொடங்கினார். மதியம் ஒன்றரை மணி ஆகியும் அவருடைய தாத்தா காலத்தைத் தாண்டவில்லை. பந்தியில் இலை போட்டாயிற்று. காது சரியாகக் கேட்காத என் மாமனார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "நம்ம ஆதிரா ரிப்போர்ட் கார்டு எழுதின மகராசி யாரோ, இங்க வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார்.

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். பிறகு எங்கள் வரிசை. பிறகு பெண் வீட்டார் மொத்தமும். மைக்கைப் பிடித்தவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், தம் பேச்சில்தான் ஏதோ நகைச்சுவை வந்துவிட்டது என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்திலேயே நன்றி சொல்லி முடித்துக்கொண்டார். எல்லாரும் எழுந்து சாப்பிடப் போனோம்.